கார் குடித்த தீர்த்தம்

விடிந்ததும் என் கணவர் முதலில் விழிப்பது என் முகத்தில் அல்ல, காரின் முகத்தில். கல்லடியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. அதில் நான் தலை முழுகலாம். கார் ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது. கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீரையும் எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்டையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்திருப்பார். பொனட்டைத் திறந்து, அளவுக்கோடு வரை நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவ்வளவு குனிந்து பார்த்ததில்லை.

போன வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டுக் கிரானுக்குப் போனோம். மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒருவர்மேல் ஒருவர் விருப்பம். பையனின் அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். இந்தப் பையனோ அந்த வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. அன்றைக்கும் அந்த அம்மா மறுத்தால் பேச்சு அதோடு முடிந்தது. மகள் முதல் நாளே சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

வாழைக்குலைக்கு இடம் வேண்டுமென்று டிக்கியிலிருந்த கூலன்ட் கேனை இவரேதான் இறக்கி வைத்தார். கிரானை நெருங்கும்போது, வயல்வெளியில், பொனட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஹோஸின் கிளிப் தளர்ந்து, அருமைக் கலவையெல்லாம் ரோட்டில் ஓடியது. கூடவே நல்ல நேரமும் ஓடியது.

"மூடியத் திறந்து தண்ணிய ஊத்துங்களன்."

"சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்திரும். ஆறட்டும்."

கிளிப்பை இறுக்கினார். நான் பட்டுச் சேலையோடு வெயிலில் நின்றேன். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடியது. அது சேற்றுத் தண்ணீராம், ரேடியேட்டரை அடைத்துவிடுமாம். பிறகு மெதுவாக என் கையைப் பார்த்தார். மாமாங்கேஸ்வரர் கோயிலிலிருந்து பையனின் அம்மாவுக்கென்று நான் கொண்டுவந்த தீர்த்தப் போத்தல் அதில் இருந்தது.

"கோயில் தண்ணி மட்டும் வடிச்சதோ?" என்று கேட்டேன். கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. மகளை நினைத்துத்தான் போத்தலைக் கொடுத்தேன். மனிதர் இரண்டு கையாலும் ஏந்தி, பக்தியோடு ஊற்றினார். கார் உருண்டது.

இராகுகாலத்தில்தான் போய் இறங்கினோம். தீர்த்தம் என்னவானது என்று உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. சம்பந்தம் பேச வேண்டிய இவரோ இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து முற்றத்துக்குப் போனார். பொனட்டைத் தொட்டுப் பார்த்தார். காருக்கு அடியில் ஒழுகுகிறதா என்று குனிந்தார். எனக்கு மானம் போனது. அந்த அம்மா யன்னலால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னகா, இவர் எப்பவும் இப்பிடித்தானா?"

"ஓம். விடிஞ்சா அதுதான் வேலை."

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எண்ட புள்ளய அங்க ஆரு பாப்பாங்க எண்டுதான் பயந்த நான். சரி, கூட்டிட்டுப் போங்க."

இப்போதும் இவர் விடிந்ததும் கூலன்ட் பார்க்கிறார். பிறகு நான் சமைக்கும் குசினி வாசலில் வந்து நின்று, "தம்பி சாப்பிட்டாரா?" என்று மருமகனை விசாரிக்கிறார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கத்தான் இன்னும் ஆளில்லை.