தேக்குக்கு ஒரு வயது கூடிப்போனது

நாடுகாணிப் பக்கத்துத் தேக்குகளைத் துளைத்து, பென்சில் கனத்தில் மரக்குச்சி எடுத்து, அதிலுள்ள வளையங்களை எண்ணுவது எனக்குக் கிடைத்த முதல் வேலை. மழை பெய்த வருடத்து வளையம் அகலம். பொய்த்த வருடத்தது குறுகல். பழைய வறட்சிகளை அப்படி வரிசைப்படுத்தினால், இனி எத்தனை வருடத்துக்கொரு முறை வரக்கூடும் என்று கணிக்கலாம்.

என் எண்ணிக்கையில் ஒரு வளையம் கூடுதலாக வந்தது. அந்தத் தேக்குத் தோட்டத்தில் மரம் நட்ட வருடத்தைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி சிரித்தார்.

"நடறதுக்கு முந்தியே மரம் வளந்துருச்சாம்மா? ஏதாச்சும் ஒண்ண அடிச்சுட்டு எழுது. இல்லீன்னா இந்தக் குச்சியெல்லாம் குப்பைக்குத்தான்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

"எத அடிக்கறதுன்னு தெரியாம அடிக்க மாட்டேனுங்க சார்."

மழை நடுவில் நின்று மறுபடி பெய்தால், தேக்கு ஒரே வருடத்தில் இரண்டு கோடு போட்டுவிடும். சந்தேகத்துக்குரிய கோடுகள் இரண்டு இருந்தன. கோட்டை மாற்றி அடித்தால், இடைப்பட்ட வருடங்கள் எல்லாம் இடம் நகர்ந்து, வறட்சிக் கணக்கே சாய்ந்துவிடும். மூன்று மாத உழைப்பும் போகும். வேலையும் போகலாம்.

சனிக்கிழமை பஸ் பிடித்து, அந்தத் தேக்குகளுக்குப் பக்கத்திலேயே அப்பாவும் அம்மாவும் வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டுக்குப் போனேன். அப்பா அங்கே பேக்டரியில் எடுபிடி. தினம் காலையில் மழைமானியை அளந்து ஆபீஸில் சொல்வதும் அவர் பொறுப்பு. அதையே வீட்டுக் காலண்டரிலும் குறித்துவிடுவார். மழை பெய்தால்தான் கொழுந்து, கொழுந்து இருந்தால்தான் அம்மாவுக்கு வேலை. பழைய காலண்டர்களை அம்மா தகரப்பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் விரித்து வைத்திருந்தாள். புடவைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேடினேன்.

முதல் கோட்டின் வருடத்தில் மழை ஒழுங்காகப் பெய்திருந்தது. இரண்டாவதில் ஜூனில் பெய்து, ஜூலை முழுக்கப் பூஜ்யம், ஆகஸ்டில் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. ஜூலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பூஜ்யம், ஒரு நாள் விடாமல்.

"மழையே இல்லாதப்ப எதுக்குப்பா தெனம் எழுதுனீங்க?"

"எழுதாம உட்டா, மழை இல்லையா, நாந்தான் அளக்கலையான்னு எப்படித் தெரியும், அம்மிணி?"

காலண்டரைச் சுருட்டிக்கொண்டு போய் மேலதிகாரியின் மேசையில் விரித்தேன். அவர் பூஜ்யங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். லென்ஸ் வைத்துக் குச்சியையும் பார்த்தார். சிரிக்கவில்லை. இரண்டாவது கோட்டை அவர் கையாலேயே அடித்தார். மரத்தின் வயது கல்லோடு பொருந்தியது.

அறிக்கையில் மழைக்கணக்குக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். அப்பாவின் பெயரை எழுதினேன். பக்கத்தில் பதவி என்று ஒரு கட்டம். முப்பது வருடமாக எஸ்டேட் பதிவேட்டில் அவர் வெறும் கூலி. நான் நிறுத்தி நிதானமாக எழுதினேன்: மழை அளந்தவர்.