நாக்கில் ஒட்டிய முதலை

பாலைவனப் பாறைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். பாலைவனத்தை இன்றுவரை பார்த்ததில்லை. சகாராவின் ஓரத்தில் செம்மணற்கல் அடுக்கடுக்காகக் கிடக்கும் ஒரு சரிவு என் ஆராய்ச்சிக் களம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆறு ஓடியது. அதிலிருந்த மீனும் முதலையும் கல்லுக்குள் எலும்பாக மிச்சமிருக்கின்றன. வெயிலுக்குப் பேராசிரியர் போவார். கற்கள் மூட்டையில் பாரிசுக்கு வரும். நான் அந்நகரின் லா ஷப்பேல் பகுதியில் குல்லா போட்டுக்கொண்டு பாலைவனத்தைப் பற்றி ஆணித்தரமாக எழுதுவேன்.

2010 வாக்கில் அங்கே ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தோடு ஓர் அறையில் குடியிருந்தேன். ஜாமீனுக்கு ஆள் கேட்காமல் பாரிசில் அறை தருபவர்களைத் தேரில் வைத்து இழுக்கலாம். வீட்டுக்கார அண்ணை ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவர் மனைவி, அக்கா, வீட்டில், தவழும் குழந்தையோடு.

ஆய்வகத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்த வாரம் கற்களை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையில் இருப்பது எலும்பா, வெறும் கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கில் வைத்துப் பார்ப்போம். எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும், கல் பிடிக்காது. பெரிய பெரிய கருவிகளெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அக்கா தேத்தண்ணியோடு கதவைத் தள்ளியபோது நான் கண்ணை மூடி ஒரு கல்லை நக்கிக்கொண்டிருந்தேன். மேசையில் இன்னும் ஒரு தட்டு நிறைய இருந்தது. கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

அன்று புட்டு இரட்டிப்பாக வந்தது. மறுநாள் ஆட்டுக்கறியும் சேர்ந்தது. எல்லாம் என் முகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அண்ணை வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றார்.

“தம்பி, குறை நினையாதையும். இஞ்சை சின்னப்பிள்ளை இருக்கு. வாற மாசம் வேற இடம் பாரும்.”

“ஏன் அண்ணே, நான் என்ன பண்ணேன்?”

“மண் தின்னுறீராம்.”

“மண்ணு இல்ல, கல்லு,” என்றேன், ஏதோ அதனால் என் கட்சி வலுத்துவிடும் என்பதுபோல.

“கேட்டியளோ,” என்றார் அக்கா. “சாப்பாடு காணாதெண்டு நினைச்சு நானும் அள்ளி அள்ளிப் போட்டன். எல்லாத்தையும் சாப்பிட்டிட்டுத் திரும்பக் கல்லைத்தான் சூப்புறார். இது வயித்துப் பூச்சிதான். பிள்ளைக்குத் தொத்தினா ஆர் பாக்கிறது?”

மண் தின்றால் வயிற்றில் பூச்சி. எங்கள் ஊரும் அவர்கள் ஊரும் மறுபேச்சில்லாமல் ஒத்துப்போகும் மருத்துவ முடிவு இது ஒன்றுதான். அறை போனால் புறநகரான லா கூர்னெவில் யாராவது ஒருவருடைய கூடத்தில் பாய் விரிக்க வேண்டும். ஆய்வேடு அங்கே எழுதி முடிந்த மாதிரிதான். அதனால் ஆறு, மீன், முதலை, நாக்கு என்று மூச்சுவிடாமல் பேசினேன். எந்தக் கருத்தரங்கிலும் அப்படிப் பேசியதில்லை.

“பாலைவனத்திலை முதலையோ?” அண்ணை சிரிக்கவில்லை. “நீர் போய்ப் பாத்தனீரோ?”

“இல்ல.”

“அப்ப?”

பின்னாளில் தேர்வுக்குழுவும் இதையேதான் கேட்டது, கொஞ்சம் நீட்டி.

வேறு வழியில்லாமல் ஒரு முதலை எலும்புத் துண்டைக் கழுவி நீட்டினேன். “நீங்களே வெச்சுப் பாருங்கண்ணே.”

ருசி பார்க்காமல் எதற்கும் தீர்ப்புச் சொல்லாத மனிதர். நாக்கு நுனியில் வைத்தார். கையை எடுத்தார். துண்டு விழவில்லை. நாக்கில் முதலை தொங்க, அப்படியே அக்காவைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை கைதட்டியது.

“ஓமப்பா, இழுக்குது,” என்றார், அதைப் பிடுங்கி எடுத்துவிட்டு. “பொடியன் சொல்லுறது சரி. இருக்கட்டும்.”

 அக்கா உள்ளே போய், எனக்காக வாங்கி வைத்திருந்த பூச்சி மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தார். “இருக்கட்டும். ஆனா ரெண்டு பேரும் இதைப் போடுங்கோ.”

“எனக்கு என்னத்துக்கு?” என்றார் அண்ணை.

“இப்ப நீங்களும் நக்கினனீங்களெல்லோ.”

அண்ணையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விழுங்கினோம். அந்த அறையிலேயே ஆய்வேட்டை முடித்தேன். நான் கல் மூட்டையோடு வந்த நாட்களில் மட்டும் அக்கா கதவைத் தட்டிவிட்டு, நான் வாயை மூடும்வரை வெளியே நின்றார்.