சாமி அறைச் சுவரும் ஓர் அடுப்பும்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் அந்தக் காலத்தில் பெண்ணை அப்புறம்தான் பார்ப்பார்கள். முதலில் அவள் தூக்கி வரும் முளைப்பாரியைப் பார்ப்பார்கள். மண்சட்டியில் விதைத்த நவதானியம் மாரியம்மன் திருவிழாவன்று அவள் தலைமேல் தளதளவென்று நின்றால், அவள் போகிற குடும்பமும் அப்படியே செழிக்கும் என்று நம்பிக்கை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் மன்னர் ஆட்சி நடந்த காலம் அது. அப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தை அந்த வருஷம் முளைப்பாரி போட்டாள். கறம்பக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

அத்தைக்கு எதிலும் ஆசாரம் அதிகம். வீட்டிலேயே சுத்தமான இடம் என்று சாமி அறையின் கல் தரையில் சுவரோரமாகச் சட்டியை வைத்தாள். அந்த அறை சித்திரையிலேயே சில்லென்றிருக்கும். அந்த மாசியிலோ பனி கொட்டித் தீர்த்தது. தெருவில் மற்றவர்கள் முளையெல்லாம் விரல் நீளம் வந்துவிட்டது; அத்தையின் சட்டியில் விதைகள் வாயைப் பிளந்ததோடு சரி. தன்னிடம்தான் ஏதோ குற்றம் என்று அத்தை விரதத்தில் சாப்பிட்டுவந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டுவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கிப் போயிற்று.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் ஊறவைத்த பயறு அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டால் மறுநாளே மூக்கு நீட்டும், தண்ணீர்ப் பானையோரம் வைத்தால் சோம்பிக் கிடக்கும் என்பது அம்மா அடுப்படியில் எப்போதும் பார்த்தது.

"சாமி கோவமுமில்ல, ஒண்ணுமில்ல. பயறுக்குக் குளுருது. சட்டியத் தூக்கி அடுப்படில வை" என்றாள்.

"வச்ச எடத்த மாத்தக் கூடாதுண்ணி. சாமி குத்தமாயிரும்" என்றாள் அத்தை.

"அப்பச் சரி. சட்டி அங்கிட்டே இருக்கட்டும்."

மறுநாள் காலை அம்மா கொல்லைப் பக்கம் போனாள். சாமி அறையின் மண்சுவரை ஒட்டி வெளியே மண்ணைக் குழைத்துப் பெரிய அடுப்பாகப் போட்டாள். அது காய்ந்தும் காயாமலும் நெல் அவிக்க ஆரம்பித்துவிட்டாள். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாமே அங்கேதான்.

அப்பாவுக்கு எரிச்சல். "அடுப்படிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அங்கன பொகை கண்ணக் கரிக்குதுங்க" என்றாள் அம்மா. கொல்லைக் காற்றில் புகை முகத்திலேயே அடித்துக் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தபோதுதான் இதைச் சொன்னாள்.

சுவர் மெல்ல வெதுவெதுப்பானது. முதலில் சுவரோரத்துப் பயறுகள் எழுந்தன. பிறகு அவரையும் துவரையும் தலை தூக்கின. நான்கைந்து நாளில் சட்டி முழுதும் எழுந்து நின்றது. கண்ணும் காதும் இல்லாத விதைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நெருப்பு எரிவது எப்படியோ தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

திருவிழாவில் அத்தை தூக்கி வந்த முளைப்பாரிக்கு நிகராக ஒன்றுமில்லை. பொன் நிறத்தில், எல்லாவற்றையும்விட ஒரு சாண் உயரமாக ஆடிக்கொண்டு வந்தது. குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. கறம்பக்குடிக்கார அம்மாள் ஒருத்தி, "கைராசிக்காரப் பொண்ணு" என்று சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் அத்தையின் விரதம் மாரியாத்தாளுக்குக் கேட்டுவிட்டது என்று தெருவெல்லாம் பெருமையடித்துவிட்டு, கடைசியில் அம்மாவிடமும் வந்து சொன்னேன்.

"கேக்காம இருக்குமா" என்றாள் அம்மா, கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே. அவள் முகத்திலும் என் பெருமை அப்படியே இருந்தது. அத்தைக்காகத்தான் என்று நினைத்தேன்.

அத்தை முளைப்பாரியைக் குளத்தில் விட்டுத் திரும்புவதற்குள் அம்மா கொல்லை அடுப்பை இடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சிருச்சுல்ல."

குதிரில் பாதி நெல் அவிக்காமலே கிடந்தது. அதை எட்டிப் பார்த்தும், எந்த வேலை என்று நான் கேட்கவில்லை.