பல்லில் உரசிய வைரம்

வைரத்தை வாயருகே கொண்டுபோனாலே ஆள் காலி என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். "யக்கா, துப்பு! விஷம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

சத்தம் போட்டது செசிலி. என் மனைவி பிலோமியின் தங்கை. கல்லை வாயில் வைத்தது பிலோமி.

செசிலியின் கணவன் லூர்து கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருக்கிறான். மாதா கோயிலில் பூசை முடிந்து இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் உடம்பில் சிங்கப்பூர்ச் சட்டை. கையில் டிரான்சிஸ்டர். என் உடம்பில்... விடுங்கள். காபி குடித்ததும் செசிலி கைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒற்றை வைரம். லூர்து வாங்கி வந்தது. மோதிரத்தில் பதிக்கப் போகிறாளாம்.

"தலகாணிக்கு அடியில வச்சுப் படுத்துப் பார்த்தேங்க்கா. கெட்ட கனவு ஒண்ணும் வரல. நமக்கு ஆவுற கல்லுதான்."

வைரம் எல்லோருக்கும் ஆகாது என்பார்கள். ஆகாத வீட்டில் நுழைந்தால் குடியைக் கெடுக்குமாம். அவர்கள் வீட்டில் எப்படியோ... எங்கள் வீட்டில் காபி டம்ளர் ஆறுவதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது.

பிலோமி முத்து வியாபாரியின் மூத்த மகள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அப்பா எடுத்துவைத்த முத்துதான் அவள் காதில். அன்றுவரை குடும்பத்தில் அதற்கு மேல் நகை கிடையாது. முத்து நல்லதா, போலியா என்று தூத்துக்குடிக் கரையில் எப்படிப் பார்ப்பார்கள்? முன்பல்லில் உரசுவார்கள். நறநறத்தால் அசல். வழுக்கினால் போலி. அந்தப் பழக்கத்திலேயே வைரத்தையும் உரசிவிட்டாள்!

எடுத்து முந்தானையில் துடைத்தாள். "வழுவழுங்குது. கண்ணாடில்லா இது."

பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று இவள் அடிவயிற்றில் குத்திக்கொண்டாளாம் என்று ஒரு பழமொழி உண்டே — அதேதான். ஆனால் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... நான் வாங்கிக்கொடுத்த எதற்கும் வராத நிம்மதி!

செசிலி அக்காவை விட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கண்ணாடி... அப்ப நல்ல கல்லு எந்த ஊருக்காரிக்கு?"

"ஏளா, கூறு கெட்டவளே! அக்கா பேச்சக் கேட்டுட்டா ஆடுத?"

"அவ அப்பாகூடவே முத்துப் பார்த்து வளந்தவ. அவளுக்குத் தெரியாதாக்கும்?"

அக்காவிடம் பற்றிய நெருப்பு தங்கைக்குத் தாவிவிட்டது. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தி மேல் பொறாமை! செசிலிக்குக் கண் நிறைந்துவிட்டது.

லூர்துக்கு ரோஷம். "மைனி, சுத்தியல எடுங்க. வைரத்துல அடிச்சா சுத்தியல்லதான் பள்ளம் விழும். இவ கண்ணால பார்க்கட்டும்!" கல்லை அம்மியில் வைத்துவிட்டான். பிலோமி சுத்தியலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

பழைய சயன்ஸ் பத்திரிகைகளை எடைக்கு வாங்கிப் படிக்கிறவன் நான். நம் துறைமுகத்தில் இறங்குகிறதே நிலக்கரி — அதுவும் வைரமும் அடிப்படையில் ஒரே சரக்கு. கரி! பூமிக்கு அடியில் வெந்து, நெருக்குண்டு, இறுகிய கரி. வைரத்தில் கோடு போட இன்னொரு வைரம் வேண்டும். (அக்காவைக் கீறத் தங்கை வேண்டும் என்பதுபோல.) ஆனால், கீறல் விழாதது உடையவும் உடையாது என்று யார் சொன்னது? வாக்காக ஓர் அடி விழுந்தால் பிளந்துவிடும். அசல்தான் என்று நிரூபிக்கப்போய் அசலையே தூளாக்க வேண்டியதுதான்.

உடனே சொன்னேனா? இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்தேன். டிரான்சிஸ்டரைப் பார்த்தேன். அடிக்கட்டுமே என்று... ஒரு கணம்தான்! பிறகு செசிலியின் முகத்தைப் பார்த்தேன்.

"சுத்தியலக் கீழ வையி தம்பி, ஒடைஞ்சிரும்!"

என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி பிலோமியிடம் நீட்டினேன். "இதுல ஊது. பொறவு கல்லுல ஊது."

கண்ணாடியில் ஊதினாள். ஆவி படர்ந்து, மெல்ல மெல்ல விலகியது. கல்லில் ஊதினாள். படர்ந்ததா என்று பார்ப்பதற்குள் காணோம்! வைரம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும். மூச்சின் ஈரம் அதில் தங்காது. பிலோமி நம்பவில்லை. மறுபடி ஊதினாள். மறுபடியும் பளிச்.

செசிலி கல்லைப் பார்க்கவே இல்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து வருவதுதான் அவளுக்குத் தீர்ப்பு.

பிலோமி கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னமும் கண்ணாடி என்பாளோ என்று எனக்கே பயம்தான்...

"வைரந்தாம்ளா," என்றாள் கடைசியில். "முத்துக்குப் பார்க்கத இதுக்குப் பார்த்துட்டேன். கண்ணத் தொடச்சுக்கோ."

லூர்து பெருமூச்சு விட்டான். செசிலி கல்லைக் காகிதத்தில் மடித்தாள். ஆனால், துள்ளவில்லை.

"இவிய அடுத்த கப்பலுக்குப் போயிருவாவ. பொறவு எனக்குக் கல்லுதான். ஒனக்கென்னக்கா... அத்தான் தெனமும் சாயங்காலம் வந்து, கொழம்புல உப்பு இல்லன்னு சண்டை போடுதாவ."

பிலோமி என்னைத் திரும்பிப் பார்த்தாள் — காகித மடிப்பை இப்போதுதான் பிரித்தவள்போல.

மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், இல்லை என்று சொல்லிவைத்தேன்!