பஸ் அத்தையின் இருபதாவது நாடகம்

சுறா ராஜா மேடைக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது: “டேய், பஸ் அத்தைடா!” அவ்வளவுதான். அலோஃபி மண்டபத்தில் உட்கார்ந்திருந்த இருநூறு பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். சுறா ராஜாவைப் பார்த்து யாரும் நடுங்கவில்லை. மழைக்கிழவியாக வந்த வருஷமும் இதே கதி, மூன்று தலை ராட்சசியாக வந்த வருஷமும் இதே கதி. மூன்று தலைக்கும் சேர்த்துப் பிள்ளைகள் வைத்த பெயர் ஒன்றுதான்.

நியுவே தீவில் மொத்தமே ஆயிரத்து அறுநூறு சொச்சம் பேர். ஆரம்பப் பள்ளி ஒன்று. நாடகத்தை ஒருமுறை போட்டால் நாடே பார்த்து முடித்துவிடும். மறுநாள் அதே நாடகத்தை யாருக்குப் போடுவது, நண்டுக்கா? அதனால் பஸ் அத்தை மலாமா வருஷத்துக்கு ஒன்று என்று பத்தொன்பது நாடகம் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை ஆடியிருந்தாள். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலை ஏழு மணிக்கு ஹகுபுவில் கிளம்பி, கிழக்குக் கரை ஊர்களையெல்லாம் சுற்றி, முப்பத்தொரு தலையை எண்ணி ஏற்றி, முப்பத்தொரு தலையை எண்ணி இறக்குவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பின் இருக்கையில் தூங்கிப்போன ஒரு பிள்ளையை உள்ளேயே விட்டு வண்டியைப் பூட்டிவிட்டு வந்தவள் அவள். அன்றைக்குப் பிடித்த எண்ணும் பழக்கம் ஆளை விடவில்லை.

பிள்ளைகள் கத்தும்போது அவளும் சிரித்துவிடுவாள். வீட்டுக்கு வந்து முகமூடியைக் கழற்றி வைக்கும்போதுதான் உறுத்தும். காலையில் மூக்கைச் சிந்திவிட்டவள் மாலையில் சுறா என்று வந்து நின்றால் எந்தப் பிள்ளை நம்பும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். தெரிந்த முகம், அதுதான் குற்றம். ஆனாலும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பிள்ளையாவது தன்னைப் பார்த்து நிஜமாகவே பயந்துவிட வேண்டும் என்ற ஆசை ஐம்பத்திரண்டு வயதிலும் அவளுக்கு அடங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஆக்லாந்திலிருந்து சியாலே வந்து இறங்கினாள். மலாமாவின் ஒன்றுவிட்ட அக்கா மகள். நாடகம் படித்தவளாம், மூன்று வருஷம். நாடகத்தைப் போய் யாராவது படிப்பார்களா என்று மலாமா எல்லோரிடமும் கேட்டாள். கேட்டுவிட்டு, அப்படி என்னதான் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சுற்றி வளைத்து விசாரிக்கவும் செய்தாள்.

ஜூன் மாதம் சியாலே தன் முதல் நாடகத்தைப் போட்டாள். குகையில் வாழும் பேயின் கதை. மலாமா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் தேங்காய் நாரும் உடம்பில் மரவுரியுமாகப் பேய் மெல்ல நடந்து வந்தது. யாரும் கத்தவில்லை. ஒருத்தனாவது கத்துங்களேன்டா என்று மலாமா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. முடிந்து வெளியே வரும்போது ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் டிராயர் நனைந்திருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் மலாமாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு சொட்டுகூடக் கிடைத்ததில்லை.

சியாலே வேர்வையோடு ஓடி வந்தாள். “எப்படி இருந்துச்சு சித்தி?”

“பேய் கொஞ்சம் இளைச்சாப்ல இருக்கு. நல்லாச் சாப்பிடச் சொல்லு.”

மறுநாள் சந்தைக்குப் போகும் வழியில் சியாலேயின் கார் எதிரே வந்தது. இந்தத் தீவில் எதிரே வரும் வண்டிக்குக் கையசைக்காமல் போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். சியாலே ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை நீட்டி ஆட்டினாள். மலாமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துப் போய்விட்டாள்.

சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவள் புருஷன் இகிபா மாலையில் கேட்டான்: “ஏன்டி, கை என்ன ஸ்டியரிங்ல ஒட்டிக்கிச்சா? மூணு ஊர்லேர்ந்து கேட்டுட்டாங்க.”

“வெயில் கண்ணுல அடிச்சுச்சு.”

“வெயிலா, வயித்தெரிச்சலா?”

“வயித்தெரிச்சல்தான், இப்ப என்னங்கிற? நேத்து பெஞ்ச மழைக்கு இன்னைக்கு மொளைச்ச காளான் அது. அதைப் பாத்து உச்சா போகுதுங்க. நான் சுறாவா வந்து நின்னா, கடிச்ச பிஸ்கட்டுல மிச்சத்தை நீட்டுதுங்க!”

இகிபா சிரிப்பை அடக்கக் கிழங்கைக் குனிந்து பார்த்தான்.

திங்கட்கிழமை காலை அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். பெரிய துரோகமொன்றும் இல்லை, சின்னத்தனம்தான். முதல் இருக்கையில் எப்போதும் உட்காரும் ஆறு வயது ஹினாவிடம் பேசுவதுபோல, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“அந்தப் பேய் யாருன்னு தெரியுமா? நம்ம சியாலே அக்காதான். போன மாசம் கடலுக்கு இறங்குற படியில வழுக்கி விழுந்து ஓன்னு அழுதுச்சே, அதே அக்கா. மூஞ்சியில தேங்காநாரக் கட்டிக்கிட்டு வந்துச்சு.”

“தெரியுமே,” என்றாள் ஹினா. “கால்ல ஆமை பச்சை குத்தியிருக்குல்ல.”

“எங்க எல்லாருக்கும் தெரியும் அத்தை,” என்று பின்னாலிருந்தும் ஒரு குரல் வந்தது.

“தெரிஞ்சுமாடி பயந்தீங்க?”

“அப்ப அவங்க பேயாத்தானே இருந்தாங்க?” என்றாள் ஹினா.

மலாமா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். “அப்போ போன வருஷம் நான் சுறாவா வந்தப்ப மட்டும் எதுக்குடி பேரைச் சொல்லிக் கத்துனீங்க?”

ஹினா சொன்னாள்: “நீங்க சுறாவா வந்தும் எங்கள எண்ணிக்கிட்டே இருந்தீங்களே அத்தை, விரல நீட்டி நீட்டி. ‘டேய், ஜன்னல்ல ஏறாத, உக்காரு’ன்னு வேற சொன்னீங்க. சுறா அப்படியெல்லாம் சொல்லாது.”

முப்பத்தொரு பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள். மலாமா வண்டியை எடுத்தாள். முகத்தின் மேல் இத்தனை வருஷம் போட்டிருந்த பழி ஒரு நொடியில் செல்லாமல் போய்விட்டது. சியாலே வெளியூர்க்காரி, புதுமுகம், அதனால் நம்புகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் இனி வழியில்லை. சாக்கு இல்லாத பொறாமை இன்னும் சுட்டது.

இருபதாவது நாடகத்துக்கு அவள் விலாங்கு மீன் ஆனாள். கறுப்புத் தார்ப்பாயில் இருபதடி நீளத்துக்கு உடம்பைத் தைத்தாள். வீட்டுக்குப் பின்னால் நான்கு மாதம் தரையில் ஊர்ந்து பழகினாள். சுற்றி நின்ற கோழிகளை எண்ணாமல் இருக்கப் பழகினாள். “கோழிகூட ஓடலையே,” என்றான் இகிபா. அவள் பதில் சொல்லவில்லை, விலாங்கு பதில் சொல்லாது என்பதால்.

கடைசியில் கௌரவத்தை விழுங்கிக்கொண்டு சியாலே வீட்டு வாசலில் போய் நின்றாள். “என் நாடகத்தன்னைக்கு நீ முன்னாடி உக்காந்து பிள்ளைங்களப் பாத்துக்க. நான் பாக்கப் போறதில்ல.”

“சரி சித்தி,” என்றாள் சியாலே, உடனே. அந்த உடனேயும் மலாமாவுக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபரில், சுயாட்சி நாள் வாரத்தில், மதியம் மூன்று மணிக்கு நாடகம். தார்ப்பாய்க்குள் புகுந்த மலாமாவுக்குக் கழுத்துக் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டவள் ஹினாதான். போட்டுவிட்டு ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

விலாங்கு வந்தது. “பஸ் அத்தை!” என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. விலாங்கு திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் ஒருத்தன் ஏறுவது ஓரக்கண்ணில் தெரிந்தது, நாக்கு துடித்தது, பல்லைக் கடித்தாள். அவன் விழுந்தால் சியாலே பிடிக்கட்டும். எத்தனை தலை என்று அவளுக்குத் தெரியாது. பசி மட்டும் தெரிந்தது. வயிறு தரையில் உரச, அவசரமே இல்லாமல், மேடையைவிட்டு இறங்கிப் பிள்ளைகளை நோக்கி ஊர்ந்தாள். சிரிப்பு ஓரங்களிலிருந்து தேய்ந்து, நின்றது. முன்வரிசைக்கு நேராக அவள் தலையைத் தூக்கிச் சீறினாள்.

ஹினா எழுந்து, பின்வாங்கி, வாசல் பக்கம் பார்த்து வீறிட்டாள்:

“பஸ் அத்தை! பஸ் அத்தை எங்க? பஸ் அத்தையக் கூப்பிடுங்களேன்!”

கயிற்றுக்கு முடிச்சுப் போட்டவள் அவள்தான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மலாமா இரண்டு முழத் தூரத்தில் இருந்தாள். பத்தொன்பது வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. முகமூடியைக் கழற்ற ஒரு கை போதும். கை எழவில்லை. அதற்குள் சியாலே பாய்ந்து ஹினாவை அள்ளிக்கொண்டாள். “வாடா தங்கம், அக்கா இருக்கேன்ல, அக்கா இருக்கேன்.” பிள்ளை இரண்டு கைகளாலும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தது.

தார்ப்பாய் இருட்டுக்குள்ளிருந்து மலாமா அந்தச் சின்னக் கைகளையே பார்த்தாள். மூச்சைப் பிடித்த மண்டபத்துக்கும் நனைந்த டிராயருக்கும்கூட அவள் சியாலே மேல் இப்படிப் பொறாமைப்பட்டதில்லை. விலாங்கு இன்னொரு தடவை சீறியது. ஹினா இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.