படியில் ஒட்டிய வெள்ளை டேப்

எண்பதுகளின் நடுவில், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த வருடத் தீபாவளியை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது.

என் கணவர் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதும் வேலை. நாற்பத்திரண்டு வயதில் பார்வை மங்க ஆரம்பித்தது. முழுவதும் போய்விடவில்லை. ஆள் நிற்பது தெரியும், கறுப்பையும் வெள்ளையையும் பிரித்துப் பார்ப்பார். ஆனால் எழுத்து தெரியாது, கால் வைக்கும் படி தெரியாது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அவருடைய மேனேஜர் ஒரு சீனர், நல்ல மனிதர். "பயிற்சிக்குப் போய்விட்டு வா. டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்துவிட முடியுமா என்று பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார், தருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி, சம்பளமில்லாத விடுப்பில் மூன்று மாதம் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் மையத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தார்.

அது சும்மா கிடைத்த பயிற்சி இல்லை. நான் விடியற்காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, கட்டி விற்றுக் குடும்பத்தை ஓட்டினேன். அவருக்கு அதைவிடப் பெரிய கஷ்டம். அதுவரை "கொஞ்சம் மங்கல்" என்று சமாளித்து வந்தவர், இப்போது வெள்ளைத் தடியைப் பிடித்துக்கொண்டு ஊரறிய நடக்க வேண்டும். முதல் வாரம் தெரிந்தவர் குரல் கேட்டாலே தடியை மடித்துப் பைக்குள் ஒளித்துவிடுவாராம். ஒருநாள் சாலையோர லோங்காங் சாக்கடையில் காலை விட்டு முழங்கால் வரை நனைந்த பிறகுதான் வீம்பை விட்டாராம்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். தானே சவரம் செய்தார், தானே சட்டைக்கு இஸ்திரி போட்டார், கோப்பை விளிம்பில் விரலை வைத்துச் சிந்தாமல் தேநீர் ஊற்றினார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உள்ளே கொஞ்சம் கோபமும் இருந்தது. இரண்டு வருடம் கையைப் பிடித்து நடத்தியவள் நான். இப்போது கிட்டே போனால், "நீ தள்ளிக்கோ, நான் பாத்துக்கிறேன்" என்கிறார்!

பயிற்சி கொடுத்த பெண்மணி ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தார். எங்கள் சமையலறை கூடத்தைவிட இரண்டு படி தாழ்வு. சிவப்புச் சிமெண்டுப் படிகள். அவற்றின் விளிம்பில் அகலமான வெள்ளை டேப்பை ஒட்டினார். "இதப் பாத்துத்தான் அங்கிள் கால் வைப்பாரு. எதையும் மாத்திடாதீங்க, அக்கா" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன்.

தீபாவளி வந்தது. வீட்டைக் கழுவி, புதுத் திரை மாட்டி, படிகளுக்குச் சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்தேன். அந்த டேப் கண்ணை உறுத்தியது. நல்ல நாளும் அதுவுமாக வீட்டுக்குள் என்ன வெள்ளைக் கோடு, இழவு வீடு மாதிரி? உரித்துப் போட்டேன். வாசலில் சாய்த்திருந்த தடியையும் அலமாரிக்குப் பின்னால் செருகினேன். இரண்டு நாள் கழித்துப் பழையபடி வைத்துவிடலாம் என்று நினைப்பு. அவரிடம் மூச்சு விடவில்லை. காலையில் எண்ணெய்க் குளியலுக்கு நானே கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். பண்டிகை என்று அவரும் விட்டுக்கொடுத்தார்.

அவர் சமையலறையில் பசியாறிக்கொண்டிருந்தபோது மேனேஜர் தீபாவளி வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார். இவருக்கு ஒரே உற்சாகம். "டீ நான்தான் போடுவேன். நீ போய்ப் பேசிக்கிட்டு இரு" என்று என்னை விரட்டினார்.

மேனேஜருக்கு முறுக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். தட்டும் கையுமாக என் கணவர் படியருகே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் கால் இடறி, கோப்பைகள் சிதற, முழங்கால் குத்தி விழுந்தார். மேனேஜர் ஓடிப்போய்த் தூக்கினார். தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே டெலிபோன் போர்டு போய்விட்டது எனக்குத் தெரிந்தது.

என் கணவர் குனிந்தார். படியின் விளிம்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். டேப் இல்லை. எல்லாம் புரிந்திருக்கும். ஆனாலும், "சோரி பாஸ், என் தப்பு" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "சாலா சாயா, பாஸ்!" என்று கத்திவிட்டேன். தப்பு என்மேல்தான் என்று, எனக்குத் தெரிந்த கடைத்தெருப் பாசார் மலாயில், டேப்பை உரித்த கதையை அழுதுகொண்டே சொன்னேன். உள்ளே போய் அந்தப் பெண்மணி விட்டுப்போன மீதி டேப் சுருளை எடுத்து வந்து, புதுப் புடவையோடு மண்டியிட்டு ஒட்டினேன். மேலேயிருந்து என் கணவர் குரல்: "கோணலா ஒட்டாத லா!"

பிறகு அவரே மறுபடி இறங்கிப் போனார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடக் கூடாது என்று நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று கோப்பை தேநீர், ஒரு சொட்டுச் சிந்தாமல், படியேறி வந்தது.

மேனேஜர் குடித்து முடித்துவிட்டு, குனிந்து படியையே பார்த்தார். அப்புறம் என்னிடம் மலாயில் கேட்டார்: "இந்த டேப் எங்கே கிடைக்கும்? ஆபீஸ் வாசலிலும் மூன்று படி இருக்கிறது."

ஓய்வு பெறும்வரை என் கணவர் அந்த டெலிபோன் போர்டில்தான் உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்தில் அதே வீட்டை நாங்களே வாங்கினோம். இன்று அவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் வாசலில் கோலம் போடுவதற்கு முன் அந்தப் படிகளுக்குப் புது டேப் ஒட்டுகிறேன். தனியாக நடக்க அவர் மூன்று மாதம் பாடுபட்டுக் கற்றார். அவரை நடக்க விட நான் கற்றுக்கொண்டது, அன்று அந்தத் தண்ணீர் கொதித்து முடிவதற்குள்தான்.