அரைப்பேரில் மிச்ச அரை

நவம்பர் இருபத்திரண்டாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பண்டாரவளையில் காலையிலிருந்து தூறல் விடவில்லை. அந்த நேரத்தில் பனிமூட்டமும் இறங்கியதால் மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முந்திய அந்த நேரத்தை என் அக்காவின் நினைவு மலரில் முதல் வரியாக எழுதுவது முறையல்ல என்று அவர் மகள் சொன்னார். பிறப்பிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். எனக்கு ஒதுக்கியிருப்பது மூன்று பக்கம். கடைசிக்கு விட்டால் இடம் போதாமல் போய்விடும், அல்லது எனக்குத் துணிவு போதாமல் போய்விடும். அந்த நேரத்தில்தான் நான் என் அக்காவைத் தெரியாது என்று சொன்னேன்.

இனி பிறப்பிலிருந்து எழுதுகிறேன்.

அக்கா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பராக்களில் ஏழாவதில் பிறந்தார். நாங்கள் ஐந்து பேர். அவர் மூத்தவர், நான் நான்காமவன். அப்பா இறந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்பு. மறு மாதமே கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். அந்தக் கூடைதான் என்னைப் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. நான் படித்து, அதே பதுளையில் முப்பத்தொரு ஆண்டுகள் அளவையியல், அதாவது தர்க்கம், கற்பித்தேன்.

பரீட்சைக்கு நான் காம்பராவில் உரக்கப் படிப்பதை அக்கா சமைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். "மனிதர் யாவரும் இறப்பர்" என்று நான் நான்கு முறை படித்தால், ஐந்தாம் முறை அவர் குரல் வரும். "டேய், அது எங்களுக்குத் தெரியும்டா. செத்தவரு காம்பராவுல இருக்காரா, இல்லையா? அத உன் புஸ்தகம் சொல்லுதா?" அப்பாவின் சட்டை அப்போதும் ஆணியில் தொங்கியது. நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை.

மறுநாள் அந்தக் கேள்வியை அக்கா பீலிக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் விழும் அந்த இடத்தில் வாளிகளை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். அன்று தொடங்கிய விளையாட்டு ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. நாளுக்கு ஒரு கேள்வி. யாரும் பதில் சொல்லலாம். சொன்னவர் அடுத்த கேள்வியைப் போட வேண்டும். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சொன்னால், அவர் மற்றவருக்கு ஒரு வாளி தூக்க வேண்டும். மெய்யியல் என்ற சொல் அங்கே ஒருவர் வாயிலும் வந்ததில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் அக்கா விடமாட்டார். குறித்த எடைக்குக் குறைவாகப் பறித்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்; அரைப்பேர் அரைநாள் சம்பளம். ஒரு மழை நாளில் அக்காவுக்கு இரண்டு கிலோ குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதினார்.

"ஏங்க கணக்கப்பிள்ளையையா, முழுசா மலை ஏறுனேன், முழுசா நனைஞ்சேன். நீங்க எந்த அரைய எழுதுறீங்க?"

"மேல் அரையத்தான். வாய் அங்கதானே இருக்கு!"

"அப்ப கால் அரை சும்மா ஏறுச்சா?"

பின்னால் நின்ற இன்னொரு பெண், "வாய்க்குச் சம்பளம் போட்டா இவளுக்குத் தெனம் ரெண்டு பேருங்க" என்றாராம். கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதியதை மாற்றவில்லை. "மிச்ச அரை எங்க போச்சு?" என்பது அதன்பின் ஒரு மாதம் பீலியில் ஓடியது. ஒருவர் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போனது என்றார். ஒருவர் வீட்டுப் பிள்ளையிடம் போனது என்றார். ஒரு கிழவி, "அதத்தான் நான் எழுவது வருசமா தேடுறேன்" என்றாராம்.

நான் ஓய்வு பெற்றபின் பண்டாரவளை அன்பர்கள் என்னைப் பேச அழைத்தார்கள். தலைப்பு, 'முழுமையும் பகுதியும்'. முப்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான் அரைப்பேரை உதாரணமாகச் சொன்னேன். "ஒருமுறை எனக்கு ஒரு கேள்வி தோன்றியது" என்று தொடங்கினேன். கைதட்டினார்கள். அக்கா மூன்று பஸ் மாறி, எனக்குச் சொல்லாமல் வந்து பின்வரிசையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. சேலை ஓரம் நனைந்து, செருப்பில் சேறோடு எழுந்து நின்றார்.

"வாத்தியாரே, மிச்ச அரை எங்க போச்சுன்னு சொல்லாமலே அடுத்ததுக்குப் போயிட்டீங்களே!"

சபை சிரித்தது. அது நல்ல சிரிப்பு என்று இன்று தெரிகிறது. கூட்டம் நடத்தியவர் என் பக்கம் குனிந்து, "ஐயா, தெரிஞ்சவங்களா?" என்றார். என் முன்னால் ஒலிவாங்கி திறந்திருந்தது. "இல்லை, தோட்டத்திலிருந்து யாரோ. உட்காரச் சொல்லுங்கள்" என்றேன்.

அக்கா உட்கார்ந்தார். முடிவில் தேநீர் கொடுத்த பெண் "அம்மா யாருங்க?" என்று கேட்டபோது, "தோட்டத்துலேருந்து யாரோதாங்க" என்று அக்கா சிரித்தபடி சொன்னது என் காதில் விழுந்தது. குடித்த கோப்பையை அவரே கழுவி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவர் கோபிக்கவில்லை. அடுத்த தைப்பொங்கலுக்குக் கருணைக்கிழங்கோடு என் வீட்டுக்கு வந்தார். "நல்லா இருக்கீங்களா தம்பி, உக்காருங்க" என்றார். அறுபது ஆண்டுகளாக என்னை "டேய்" என்றும் "நீ" என்றும் அழைத்தவர். கடைசியில் என் படிப்புக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன். மகிழ்ந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் மற்றவர்களிடம் விளையாட்டு நின்றபாடில்லை. முச்சக்கரவண்டிக்காரரிடம், "வண்டி நிக்குது, மீட்டர் ஓடுது. அப்ப இப்ப எது போய்கிட்டு இருக்கு?" என்று கேட்டு, அவர் பசறை வரை யோசித்துக்கொண்டே ஓட்டியதாக என் வீட்டாரிடம் சொன்னார். என்னிடம் மழை, முழங்கால், உர விலை. ஒருமுறை நானே கேட்டேன், "என்ன அக்கா, எங்கிட்ட ஒண்ணும் கேக்குறதில்லையே?"

"ஒங்ககிட்டயா? நீங்க பெரியவங்க தம்பி" என்று தேங்காய் துருவப் போய்விட்டார். விளையாட்டுக்கு "டேய்" வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு, அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளினேன்.

இறுதியில் நுரையீரல் நோயோடு பதுளை வைத்தியசாலையில் ஆறு நாட்கள் இருந்தார். ஆறு நாளும் போனேன். கட்டிலருகே கொசுவலையைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் பேசினேன். ஆறாம் நாள் கண் மூடியிருந்தவரிடம், "அக்கா, என்னைத் தெரியுதா?" என்றேன். எதைக் கேட்கிறேன் என்பது கேட்ட பிறகே உறைத்தது.

"தெரியுதுங்க" என்றார். "நிக்காதீங்க, உக்காருங்க."

அன்று மாலை இறைவனடி சேர்ந்தார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், மழையில் பெட்டியைச் சுமந்து மேல் லயம் ஏறிய பதினான்கு பேருக்கும், மூன்று நாள் எல்லோருக்கும் சோறாக்கிய லயத்துப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. பண்டாரவளை மண்டபத்தில் அன்றிருந்தவர்கள் கைக்கும் இம்மலர் வரும். ஐயா, அம்மா, பின்வரிசையில் எழுந்தவர் என் உடன்பிறந்த அக்கா. அந்தக் கேள்வியும் அவருடையது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் அவர் என் வீட்டுக்கு இருபத்தேழு முறை வந்தார். நான் லயத்துக்கு ஒன்பது முறை போனேன். வைத்தியசாலையில் ஆறு நாள். ஆக நாற்பத்திரண்டு சந்திப்புகள். அவற்றில் அக்கா என்னிடம் போட்ட பீலிக் கேள்வி ஒன்றுமில்லை, "டேய்" ஒன்றுமில்லை.